காலையில் மூடுபனி, வார இறுதியில் மழை: பெங்களூரிலிருந்து ஊத்தங்கரைக்கு எப்போது புறப்படுவது?

கொய்யாமர வீடு
செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஹொரமாவில் ரயில் பாதைக்கு அருகே தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் தங்கை மகளின் நிச்சயதார்த்தம். அப்பாவையும் அம்மாவையும் நானே காரில் அழைத்துச் செல்ல வேண்டும். அப்பாவுக்கு வயது 71; குளிர்ந்த காற்று பட்டால் வீசிங் வந்துவிடும்.

கடந்த நான்கு நாட்களாக இங்கே விடியற்காலையில் கடுமையான மூடுபனி. இன்று காலை 6.30 மணிக்குக் கதவைத் திறந்தபோது எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. இரவில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை. ஆனால் கொய்யா இலைகளிலிருந்து சொட்டிய நீர் ஸ்கூட்டர் இருக்கையின் பள்ளத்தில் தேங்கியிருந்தது. எட்டரை மணிக்கெல்லாம் வெயில் வந்து, பனி இருந்த சுவடே இல்லாமல் போய்விட்டது. ‘ஐப்பசி அடைமழை என்பார்கள், மழை பெய்ய வேண்டிய மாதத்தில் மார்கழிப் பனி ஏன் இறங்குகிறது’ என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வானிலை அறிவிப்பில், வியாழன் வரை அதிகாலையில் மூடுபனி, வெள்ளி முதல் மேகமூட்டம், சனி மற்றும் ஞாயிறு மழை என்றும், வங்கக் கடலின் தென்மேற்குப் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகக்கூடும் என்றும் சொல்கிறார்கள். சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டால் போக்குவரத்து நெரிசல் இருக்காது என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த நேரத்தில் மூடுபனியா, மழையா, இரண்டுமா என்று குழப்பமாக இருக்கிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு ஊத்தங்கரையில் என்ன நடந்தது என்பதை எங்கள் குடும்பம் மறக்கவில்லை; சித்தப்பா வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதனால்தான் இவ்வளவு முன்கூட்டிக் கேட்கிறேன்.

மழைமானி
செவ்வாய், இரவு 11.05

சகோதரி, தங்கள் தந்தையார் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் பயணம் எப்போது என்பதற்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். நான் யெலகங்காவில் வசிக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். மாடியில் ஒரு மழைமானியும், அதன் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகளும் வைத்து, ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு நோட்டில் குறித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கற்றதை எழுதுகிறேன்.

ஐப்பசி அடைமழை என்பது தமிழகத்துக் கடலோரத்தையும் அதையொட்டிய சமவெளியையும் பார்த்துச் சொன்ன சொல். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பீடபூமி. வடகிழக்குப் பருவமழை இங்கே தொடர்ந்து பெய்வதில்லை. வங்கக் கடலில் ஏதாவது ஒரு சுழற்சி உருவாகும்போது இரண்டு மூன்று நாள் பெய்துவிட்டு, பிறகு வானம் வெளுத்துவிடும். அக்டோபரில் நகரத்தின் வழக்கமான மழை ஏறத்தாழ 185 மி.மீ., நவம்பரில் அது 65 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே அக்டோபர் மழையில் ஊறிய மண்ணும், நிரம்பிய ஏரிகளும், நடுநடுவே தெளிந்த வானமும் ஒன்றாகச் சேரும் காலம் இது. பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர், அதாவது குளிர்காலம், என்று தனிப் பருவமாக வைத்து, முன்பனிக்கு மார்கழியையும் தையையும் ஒதுக்கினார்கள். பெங்களூரில் கூதிரும் முன்பனியும் ஒரே வாரத்துக்குள் மாறி மாறி வருகின்றன என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இனி மூடுபனி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் அதனுடன் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். இரவு வெப்பநிலை அந்தப் புள்ளிவரை இறங்கினால் துளிகள் காற்றிலேயே மிதக்கத் தொடங்கும். காற்று அறவே அசையாமல் இருந்தால் ஈரம் புல்லிலும் இலையிலும் பனித்துளியாகப் படிவதோடு நின்றுவிடும். மெல்லிய அசைவு இருந்தால்தான் அது மேலெழுந்து மூடுபனியாகப் பரவும். பலமாக வீசினால் கலைந்துவிடும். எனவே மூடுபனிக்குத் தேவையானவை ஈரமான தரை, தெளிந்த வானம், மென்காற்று ஆகிய மூன்றுமே. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். இந்த நாட்களில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6.15 மணிக்கு உதிக்கிறது. தாங்கள் கதவைத் திறந்த 6.30 மணி, அதாவது, இருப்பதிலேயே மோசமான நேரம்.

இப்போது மழைக்கு வருகிறேன். கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி நெருங்கும்போது, மழைக்கு முன்பாகவே மேகம் கிழக்கிலிருந்து வந்து வானத்தை மூடுகிறது. தரை விடும் வெப்பத்தை அந்த மேகம் திருப்பி அனுப்பிவிடுவதால் இரவு குளிர்வதில்லை. குளிராத இரவில் பனிப்புள்ளியை எட்ட முடியாது, மூடுபனியும் வராது. நான்கு நாட்கள் தொடர்ந்து வந்த மூடுபனி ஐந்தாம் நாள் காலையில் வராமல், அந்த இரவு வழக்கத்தைவிடப் புழுக்கமாகவும் இருந்தால், மழை அடுத்த 24 மணி நேரத்தில் வரக்கூடும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். என் நோட்டில் இது மீண்டும் மீண்டும் தென்படுகிறது: குறைந்தபட்ச வெப்பநிலை 16, 16, 15 என்று ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு நாள் 19 என்று நிற்கும், அதற்கடுத்த வரியில் மழை அளவு இருக்கும்.

வீட்டிலிருந்தபடியே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மாலை 7 மணிக்குக் கைப்பேசியில் உள்ள வானிலைச் செயலியில் பனிப்புள்ளி எவ்வளவு என்று பாருங்கள். மறுநாள் காலைக்கு முன்னறிவித்த குறைந்தபட்ச வெப்பநிலை அதற்குச் சமமாகவோ ஒரு டிகிரிக்குள்ளாகவோ இருந்து, நட்சத்திரங்களும் தெரிந்தால் மூடுபனியை எதிர்பார்க்கலாம். மூன்று நான்கு டிகிரி அதிகமாக இருந்தால் வாய்ப்புக் குறைவு. நிலவு இருந்தால் அதையும் பாருங்கள். ‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை’ என்று நம் ஊரில் சொல்வதில் உண்மை இருக்கிறது. நிலவைச் சுற்றி அகன்று தெரியும் வட்டம் மிக உயரத்திலுள்ள பனிப்படிக மேகத்தால் உண்டாவது, கடலில் உருவாகும் சுழற்சியின் முன்விளிம்பாக வருவது பெரும்பாலும் அந்த மேகம்தான்.

என் கணிப்பில், சனிக்கிழமை காலை தங்களுக்குப் பிரச்சினை மூடுபனியாக இருக்காது, மழையாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை வெயில் ஏறியபின் புறப்படுவதே நல்லது.

விமானத்தளப் பணியாள்
புதன், காலை 10.20

ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். நான் தேவனஹள்ளி விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகாலை 4 மணி முதல் 8 மணி வரையிலான பணிநேரத்தில் எங்களுக்கு எல்லாமே மூடுபனியைப் பொறுத்துத்தான். பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் அது மூடுபனி. அதற்கு மேல் இருந்தால் அது மென்பனி. 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர் மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர் மூடுபனி. தெற்கு ஓடுபாதையில் இப்போது 50 மீட்டர் பார்வையிலும் தரையிறங்க உதவும் கருவிகள் இருப்பதால், முன்பு போல விமானங்கள் கூட்டமாகச் சென்னைக்குத் திருப்பப்படுவது குறைந்திருக்கிறது. ஆனால் காருக்கு அப்படிப்பட்ட கருவி எதுவும் இல்லை என்பதைச் சகோதரி நினைவில் கொள்ள வேண்டும். நான் வேலைக்கு வரும்போது, ஹெப்பாள மேம்பாலத்தில் தெளிவாக இருந்த சாலை, யெலகங்காவைத் தாண்டியதும் பால் ஊற்றியது போல மறைந்துவிடும். நகரத்தின் கான்கிரீட் இரவிலும் சூடாக இருப்பதும், தேவனஹள்ளி திறந்தவெளியாக இருப்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

மாறுபடும் இடம் இதுதான். மூடுபனி வராத காலையெல்லாம் மழைக்கு அறிகுறி ஆகாது. வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கினாலும் மூடுபனி நின்றுவிடும். அப்போது பனிப்புள்ளியே பல டிகிரி கீழே போய்விடுவதால், இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் துளி உண்டாகாது. அப்படிப்பட்ட நாளில் மழைக்குக் காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தவிர, தாழ்வுப் பகுதியால் வீசும் கிழக்குக் காற்று தமிழகச் சமவெளியிலிருந்து இந்த மேட்டுநிலத்துக்கு ஏறி வரும்போது, ஈரம் குளிர்ந்து மிகத் தாழ்ந்த மேகமாகித் தூறலோடு சாலைவரை இறங்குவதும் உண்டு. அது வெயில் வந்ததும் விலகும் மூடுபனி அல்ல, நண்பகல்வரைகூட நிற்கும்.

மழைமானி
புதன், காலை 11.50

நண்பர் சொல்வது சரி. நான் எழுதியதில் அந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். மூடுபனி இல்லாத காலை இரண்டு வகைப்படும். இரவு குளிர்ந்து, உதடு வெடித்து, கொடியில் போட்ட துணி விடிவதற்குள் காய்ந்திருந்தால் அது வறண்ட காற்று. இரவு புழுங்கி, துணி ஈரமாகவே தொங்கிக்கொண்டிருந்தால் அது மேகம். சகோதரி வீட்டில் கருவி எதுவும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒசூர் ரோஜாத் தோட்டம்
புதன், மாலை 6.15

எனக்கு ஒசூருக்கு அருகே பசுமைக்குடிலில் ரோஜா சாகுபடி. நான்கு நாள் மூடுபனி நின்றாலே இலையின் அடியில் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும் என்பதால், அதிகாலை வானத்தைப் பார்க்காமல் எங்களுக்கு நாள் தொடங்குவதில்லை. பெங்களூர்ச் சந்தைக்கும் கிருஷ்ணகிரிக்கும் அடிக்கடி வண்டி ஓட்டுவதால் பாதையைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா, அத்திபெலே தாண்டி ஒசூர் வரையிலும், பிறகு சூளகிரி வரையிலும் மேட்டுநிலத்திலேயே போகிறீர்கள். மூடுபனி இருப்பது இந்தப் பகுதியில்தான். அதுவும் ஒரே சீராக இருக்காது. ஏரிக்கரையிலும் பள்ளத்திலும் திட்டுத்திட்டாக நிற்கும். தெளிவாக இருக்கிறதே என்று 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, ஒரு பாலத்தைக் கடந்ததும் முன்னால் போன லாரியின் பின்விளக்கு மறைந்துவிடும். ஆபத்து அந்த இடத்தில்தான். சூளகிரிக்குப் பிறகு சாலை நன்றாக இறங்கி, கிருஷ்ணகிரி வரும்போது 500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். அங்கே பெரும்பாலும் பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

மழை என்று வந்தால் நிலைமை தலைகீழ். மேலே பெங்களூரில் நாள் முழுதும் சிணுங்கும் மழை, கீழே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கொட்டித் தீர்க்கலாம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டது, இனி வலுவிழந்துவிடும் என்று எல்லாரும் மூச்சுவிட்டார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். அதே நாட்களில் பெங்களூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் குளிரும் தூறலும்தான். அதனால் கரையைக் கடந்த செய்தியோடு வானிலையைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். சுழற்சி உள்ளே எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம்.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் பெங்களூர் வானிலை மையத்தின் அறிவிப்பில் ஊத்தங்கரை வராது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக வெளியிடும் அறிவிப்பில் கிருஷ்ணகிரியைப் பாருங்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல், மிகக் கனமழை என்றால் 115.6 மி.மீ. முதல், அதிகனமழை என்றால் 204.4 மி.மீ.க்கு மேல். மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்போடு போய்வரலாம். ஆரஞ்சு வந்துவிட்டால் பயணத்தை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுங்கள்.

மூடுபனியில் ஓட்ட நேர்ந்தால், ஹை பீம் போடவே கூடாது. அந்த வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீமும், இருந்தால் ஃபாக் விளக்கும் போதும். கண்ணாடி உள்பக்கம் மங்கினால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவர் உங்கள் பின்விளக்கைப் பார்த்து அதுதான் பாதை என்று நேரே வந்துவிடுவார். பெட்ரோல் பங்கோ உணவகமோ பார்த்து உள்ளே ஒதுங்குங்கள்.

இரவுப்பணிச் செவிலி
வியாழன், காலை 7.30

அப்பாவைப் பற்றி ஒரு சொல். மூடுபனி நிற்கும் காலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாது. வாகனப் புகையும், குப்பை எரிக்கும் புகையும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வீசிங் உள்ளவர்களுக்குக் குளிரோடு இந்தப் புகையும் சேர்ந்துதான் தொல்லை கொடுக்கிறது. எங்கள் வார்டில் இந்த மாதத்தில் விடியற்காலையில் வருபவர்கள் அதிகம். காலை நடையை இந்த வாரம் ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயணத்தில் இன்ஹேலர் டிக்கியில் உள்ள பெட்டிக்குள் போகாமல், அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்; புறப்படும் முன் அதில் மருந்து மீதம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அவருடைய மருத்துவரிடம் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது.

கொய்யாமர வீடு
வியாழன், இரவு 8.30

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கூதிர் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. பள்ளியில் படித்த ஆறு பருவங்களையும் மாதங்களோடு சேர்த்துச் சொல்லிக் காட்டினார்.

இன்று காலையும் மூடுபனி இருந்தது. ஆனால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மங்கலாகத் தெரிந்தது, ஏழரைக்கே விலகிவிட்டது. மாலையில் கிழக்குப் பக்கம் வானம் நார் நாராக வெளுத்திருந்தது. ஏழு மணிக்குச் செயலியில் பனிப்புள்ளி 17 என்று காட்டுகிறது. நாளைக் காலைக் குறைந்தபட்சம் 19. அப்படியென்றால் நாளை மூடுபனி இல்லை என்று வைத்துக்கொண்டு காலை 6 மணிக்கே கிளம்பலாமா, அல்லது 9 மணிவரை பொறுக்கலாமா? கிருஷ்ணகிரிக்குச் சனிக்கிழமை மஞ்சள் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள்; வெள்ளிக்கு எதுவும் இல்லை.

மழைமானி
வியாழன், இரவு 9.10

இரண்டு டிகிரி வித்தியாசமும், கிழக்கில் நார் மேகமும் சேர்ந்திருப்பதால் நாளை பெங்களூரில் அடர்ந்த மூடுபனிக்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் செயலி சொல்வது நகரத்தின் வெப்பநிலை. ஒசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே திறந்த நிலத்தில் இரண்டு டிகிரி எளிதாகக் குறையும். நாளை முழுவதும் தங்கள் கையில் இருக்கும்போது மூன்று மணி நேரத்தைச் சேமிக்க அந்த இரண்டு டிகிரியைப் பணயம் வைக்க வேண்டாம். ஒன்பது மணிக்குப் புறப்படுங்கள்.

ஹொரமாவில் பூட்டிவிட்டுப் போகும் வீட்டையும் கவனியுங்கள். தரைத்தளம் என்கிறீர்கள். சம்ப் மூடியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் இறங்காதபடி மூடி, பீரோவின் கீழ்த்தட்டில் உள்ள பத்திரங்களை மேலே எடுத்து வையுங்கள். தங்கள் பகுதியின் மழைநீர் ராஜகால்வாய் என்னும் பெரிய வடிகால் வழியாகக் கல்கெரே ஏரிப் பக்கம் போய், எலெ மல்லப்ப செட்டி ஏரியைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. வழியில் எங்கு அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் தெருவுக்குத்தான் திரும்பும். (அதே நீர் ஒசூரின் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டிக் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது, தாங்கள் போகும் பாதையில் தங்கள் வீட்டு மழையும் கூடவே வருகிறது.) பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

கொய்யாமர வீடு
திங்கள், இரவு 10.15

நேற்று நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. வெள்ளியன்று காலை 9.15 மணிக்குப் புறப்பட்டு, வழியில் சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குள் ஊர் சேர்ந்தோம். ஹொரமாவில் அன்று மூடுபனி இல்லை. முந்தின நாள் கொடியில் போட்ட அம்மாவின் புடவை காலையிலும் ஈரமாகவே இருந்தது. ஆனால் ஐயா சொன்னது போலவே, சூளகிரிக்கு முன்னால் ஒரு ஏரியை ஒட்டி, பத்து மணிக்கு மேலும் பனி ஒரு கோடாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் அந்த இடத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அதிகாலை தொடங்கிய மழை ஞாயிறு காலைவரை விட்டுவிட்டுப் பெய்தது. பந்தலின் ஒரு பக்கத்துத் தகரம் ஒழுகியது. சித்தப்பா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அப்பாவுக்கு ஒரு முறைகூட வீசிங் வரவில்லை. இன்று எச்சரிக்கை எதுவும் இல்லாததால், வெயில் வந்தபின் மத்தியானம் புறப்பட்டு இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். இங்கே தெருவில் தண்ணீர் நின்று வடிந்த சேற்றுக்கோடு, எங்கள் வாசல் படியின் இரண்டாவது கல்லோடு நின்றுவிட்டது. மேகம் கலைந்து நட்சத்திரம் தெரிகிறது. பனிப்புள்ளி 17, நாளைக் காலைக் குறைந்தபட்சமும் 17. அப்பாவிடம் நாளை ஒன்பது மணிக்கு மேல்தான் நடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.